பின்விளக்கில் ஒட்டிய பனி

நான் ஓய்வு பெற்ற அன்று கராஜில் மதிய விருந்து வைத்தார்கள். பீட்சா, கேக், எனக்காக யாரோ தேடிப் போய் வாங்கி வந்த சமோசா. "சாரா, ரெண்டு வார்த்தை பேசு" என்றார்கள். என் பெயர் சரோஜா. நியூ ஜெர்சியில் ஒரு டவுன்ஷிப்பின் பொதுப்பணித் துறைக் கராஜில் பத்தொன்பது வருடம் சாராவாக இருந்தேன். பனி தள்ளும் லாரிகளைப் பழுது பார்ப்பது என் வேலை.

அன்று சமையல் எண்ணெய்க் கதையைச் சொன்னேன். ஈரப் பனி ஒட்டாமல் இருக்கட்டும் என்று ஒரு டிரைவர் வீட்டிலிருந்து எண்ணெய் ஸ்ப்ரேயைக் கொண்டுவந்து லாரியின் முன்னால் பனியைத் தள்ளும் பிளேடு முழுக்க அடித்துவிட்டார். முதல் ஒரு மணி நேரம் பனி வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் பனி உருக ரோட்டில் தூவும் உப்பு கலந்த தண்ணீர் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. வண்டி திரும்பி வந்ததும் எங்கள் ஃபோர்மன் வால்ட் பிளேடுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், "யாருக்குப் பசிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொல்லாமல் விட்ட கதை வேறு. இப்போது என் இடத்தில் இருக்கும் இரண்டு பேர், ஈரப் பனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதித் தரும்படி கேட்டார்கள். எதைத் தேய்க்க வேண்டும், எப்போது துடைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்த பிறகு இரண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை. அதனால் மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன்.

ஈரோட்டில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தேன். கோபி பக்கம் ஒரு நூல் மில்லில் நாலு வருடம் மெயின்டெனன்ஸ். பிறகு கல்யாணம், அமெரிக்கா, டிபென்டென்ட் விசா, இரண்டு குழந்தைகள். கிரீன் கார்டு வந்த வாரமே டவுன்ஷிப்பில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டர் வேலைக்கு அப்ளை பண்ணினேன். இன்டர்வியூவில் வால்ட் என் கையில் ஒரு ஹைட்ராலிக் ஹோஸின் முனையைக் கொடுத்து, "இது எங்கே போகும்?" என்றார். சொன்னேன். அவ்வளவுதான் இன்டர்வியூ. இரண்டாவது குளிர்காலத்தில் கவுன்டரை விட்டு எழுந்து லாரிக்கு அடியில் போய்விட்டேன். ஒரு பொங்கல் விழாவில் ஒரு பெண், "ஆன்ட்டி, ஸ்னோ அள்ற வேலையா?" என்று கேட்டாள். "அள்றவங்க வண்டிய ரிப்பேர் பண்றேம்மா" என்றேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வால்ட் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ரேடியோவில் யார் கூப்பிட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். கோளாறு என்று போனால் "ஏன் ஆச்சு?" என்று கேட்கமாட்டார். "என்ன பார்த்தாய்?" என்பார். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். நினைத்ததைச் சொல்ல ஆரம்பித்தால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

கடுங்குளிரில் விழும் பனி மாவு மாதிரி இருக்கும். ஊதினால் பறக்கும். அதனால் எங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. மார்ச்சில் மழையாகத் தொடங்கி, உறைநிலைக்கு ஒட்டினாற்போல் பனியாக மாறுமே, அதுதான் பொல்லாதது. கையில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். இரும்பைக் கண்டால் அப்பிக்கொள்ளும். அப்பியதன் மேல் அடுத்தது அப்பும். பிளேடில் அது சேர்ந்துவிட்டால் பனி ஓரத்துக்கு உருளாது. வண்டி ஒரு சுவரைத் தள்ளுகிற மாதிரி திணறும்.

அதற்கு வால்ட்டிடம் ஒரு முறை இருந்தது. புயல் அறிவிப்பு வந்ததும் லாரியைக் கழுவி, பழைய உப்பை எடுத்து, காய விட வேண்டும். பிளேடின் வளைந்த முகத்தில் துரு சொரசொரப்பாக இருந்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பிறகு மெழுகு, இரண்டு பூச்சு. முதல் பூச்சு காய்ந்து பால் நிறமானதும் துணியால் துடைத்துவிட்டு அடுத்தது. தடிமனாகப் பூசினால் உதிர்ந்துவிடும். இதெல்லாம் முடிந்த பிறகு வண்டியை ஹீட்டர் போட்ட கராஜுக்குள் வைத்திருக்கக் கூடாது. வெதுவெதுப்பான இரும்பில் முதல் பனி உருகும். உருகிய தண்ணீர் வெளியே போனதும் உறையும். அந்த மெல்லிசான ஐஸ்தான் பசை. அதனால் கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே எல்லா வண்டிகளும் வெளியே நிற்கும். வால்ட் வரிசையாகப் போய், கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு பிளேடிலும் வெறும் உள்ளங்கையை வைப்பார். தலையை அசைத்தால் வண்டி தயார்.

எங்கள் கவனமெல்லாம் பிளேடில்தான் இருந்தது. வண்டியின் முன்பக்கம்.

பின்பக்கத்து விளக்குகள் என் தலைவலி. பழைய பல்புகள் குலுக்கலில் அடிக்கடி போய்விடும். புயல் நடுவில் ஈரத்தில் மண்டியிட்டு, விரல் மரத்துப்போக, துருப்பிடித்த ஸ்க்ரூவைக் கழற்றி பல்பு மாற்றுவது நான்தான். முழங்கால் வலி தொடங்கியிருந்தது. ஒரு இலையுதிர் காலத்தில் வால்ட்டிடம் போய், "எல்லாவற்றையும் எல்.இ.டி. ஆக்கிவிடலாம். வெளிச்சமும் ஜாஸ்தி, போகவும் போகாது" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அக்டோபர் முழுக்க நானே மாற்றினேன். கராஜ் சுவரில் அந்த வெளிச்சம் விழுந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருடம் விழுந்ததெல்லாம் மாவுப் பனி. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மார்ச் மாதம் வரை.

அன்று காலை மழை. பதினோரு மணிக்குப் பனியானது. ஸ்கூல் லீவு. புயல் நாளில் நான் சர்வீஸ் பிக்கப்பில் சுற்றிக்கொண்டிருப்பேன். எங்காவது வண்டி நின்றுவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். மதியம் மூன்று மணி வாக்கில் வானம் சாம்பலாக இருந்தது. மார்கஸ் ரேடியோவில் வந்தான். இருபது வருட டிரைவர், வண்டியில் கீறல் விழாமல் ஓட்டுகிறவன். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நான் எதன் மேலோ ஏறிவிட்டேன்."

"என்ன பார்த்தாய்?" என்றார் வால்ட்.

"பனி அள்ளும் ஷவல் ஒன்று. இரண்டாக மடிந்திருக்கிறது. ஆள் யாரும் இல்லை."

"சாவி எங்கே?"

"வண்டியில்."

"எஞ்ஜினை நிறுத்து. சாவியை எடு. உன் கையில் வைத்துக்கொள். வண்டியை ஒரு அங்குலம்கூட நகர்த்தாதே. கையில் சாவி இருக்கிறதா?"

"இருக்கிறது."

"சாரா, போ. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன்."

நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன். அது ஒரு முட்டுச்சந்து. ஏழெட்டு வீடுகள், கடைசியில் வட்டமாக முடியும். அங்கே பனி தள்ளும் வண்டி ஒரே போக்கில் திரும்ப முடியாது. முன்னால் தள்ளி, பின்னால் வந்து, மறுபடி முன்னால் தள்ள வேண்டும். நான் போய் இறங்கியபோது மார்கஸ் மடிந்த ஷவலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இன்னொரு கை சாவியை இறுக்கிக்கொண்டிருந்தது.

குனிந்து லாரிக்கு அடியில் பார்த்தேன். சக்கரம் சக்கரமாகப் பார்த்தேன். யாரும் இல்லை. எழுந்து நிமிர்ந்தபோதுதான் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

பின்பக்கம் என்று ஒன்று இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே வெள்ளை. நான் மாற்றிய ஆறு விளக்குகளும் உள்ளே எங்கோ எரிந்துகொண்டிருக்க வேண்டும். வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ரிவர்ஸ் கேமராவின் கண் மூடியிருந்தது. ரிவர்ஸ் போட்டால் கத்துமே பீப்பர், அதன் வாயிலும் கைப்பிடி அளவு பனி அப்பியிருந்தது. பழைய பல்பு சூடாகும். பட்ட பனி உருகி வழிந்துவிடும். எல்.இ.டி.யின் கண்ணாடி சூடாகாது. அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தொட்டால் சுடவில்லை என்று அக்டோபரில் நானே சந்தோஷப்பட்டிருக்கிறேன்.



"மூன்று மணிக்கு முன்னால்தான் துடைத்தேன் சாரா. சத்தியமாகத் துடைத்தேன்" என்றான் மார்கஸ். அவனை நம்பினேன். அந்தப் பனிக்குக் கால் மணி நேரம் போதும்.

பிறகுதான் அதைப் பார்த்தேன். ஓரத்தில் பனி இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதன் அடியில் பழுப்பாக ஒரு துணி. போய் இழுத்தேன். மங்கி கேப். மார்கஸுக்கு அது என்னவென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. மகனையோ மகளையோ பார்க்க ஊரிலிருந்து வந்த யாரோ ஒரு பெரியவர். வாசலில் லாரி ஒதுக்கிவிட்டுப் போன பனியை அள்ளுவோம் என்று வந்திருக்கிறார். காதை மூடி இதைப் போட்டுக்கொண்டு.

மார்கஸ் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தான். எந்த மொழிக்காரரோ தெரியாது, நான் அந்தக் குவியலை ஒட்டிக் குனிந்து தமிழில் கத்தினேன்.

"ஐயா! எங்கிருக்கீங்க? கொரல் குடுங்க! ஐயா!"

ஒன்றும் இல்லை. நாலடி தள்ளிப் போய் மறுபடி கத்தினேன். காதை வைத்துக் கேட்டேன். மூன்றாவது இடத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு முனகல்.

"இங்கீங்க..."

மார்கஸ் தன் லாரியிலிருந்த ஷவலை எடுத்தான். "வேண்டாம், கையால்" என்றேன். முகம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஷவலைப் போட எனக்குப் பயம். இரண்டு பேரும் நாய் மாதிரி பறித்தோம். ஈரப் பனி தள்ளுண்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். நகத்துக்குள் ரத்தம் வந்தது அப்போது தெரியவில்லை. "பேசிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்று கத்தினேன். அவர் நிறுத்திவிட்டார். அந்த நிமிடத்தை நான் இன்னும் முழுதாக நினைத்துப் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு கை கிடைத்தது. விரல் அசைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே பறித்தேன். வாயும் மூக்கும் தெரிந்ததும் அவர் இழுத்த மூச்சு இருக்கிறதே, இயந்திரம் கிறீச்சிடுவது போல இருந்தது.

"அம்மிணி, காலு மடங்கிக் கெடக்குது."

"அசைக்காதீங்க. ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்குது."

"எம் மகள்கிட்ட இப்பச் சொல்லிப்போடாதீங்க. மீட்டிங்குல இருக்குது."

என் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் தலையைச் சுற்றினேன். அவர் பெயர் பழனிசாமி. நாமக்கல். கண்ணைத் திறந்து லாரியைப் பார்த்தார். கோபமே இல்லாமல், நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"வண்டி வந்தது தெரியலீங். வெளக்கும் தெரியல, சத்தமும் கேக்கல."

பிற்பாடு நடந்ததைக் கூட்டிப் பார்த்தோம். மார்கஸ் முதல் தடவை பின்னால் வந்தபோது லாரியின் பின்னால் இருக்கும் உப்பு தூவும் பெட்டியின் மூலை அவரை இடித்து ஓரத்தில் தள்ளியிருக்கிறது. வண்டி அவரைத் தாண்டிப் பின்னால் வந்துவிட்டு, மறுபடி முன்னால் போய்த் தள்ளியபோது பிளேடிலிருந்து உருண்ட பனி அவர் மேல் விழுந்திருக்கிறது. இரண்டாவது தடவை பின்னால் வந்தபோது ஷவல் சக்கரத்தில் சிக்கி மடிந்த சத்தம் கேட்டு நிறுத்தினான். ஷவல் வேறு பக்கம் விழுந்திருந்தால் அவன் நிறுத்தியிருக்க மாட்டான்.

மகள் கவிதா வெறும் சாக்ஸோடு ஓடிவந்தாள். ஆம்புலன்ஸும் போலீஸும் வந்தன. வால்ட் வந்தார். யாரையும் எதுவும் கேட்பதற்கு முன்னால் லாரியின் பின்னால் போய் நின்று பார்த்தார். "யாரும் இதைத் துடைக்கக் கூடாது" என்று சொல்லி, போலீஸ்காரரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார்.

"இந்த விளக்கைக் கேட்டது நான்" என்றேன். பல் அடித்துக்கொண்டது.

"கையெழுத்துப் போட்டது நான்" என்றார். 

மறுநாள் எழுத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வீட்டில் டைனிங் டேபிளில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் பின்னால் வந்து நின்றார்.

"லைட் பத்தி நீ எதுக்கு எழுதணும் சரோ? அவங்க கேட்டாங்களா? டிரைவர் பாக்கலைன்னு க்ளோஸ் பண்ணிடுவாங்க."

"அவன் எதைப் பாப்பான்? பின்னாடி ஒண்ணுமே தெரியலைங்க."

"ஜாப் போயிடும். சூ பண்ணுவாங்க. வீட்டைப் பத்தி யோசி."

யோசித்தேன். பயந்துதான் யோசித்தேன். முதல் தாளில் விளக்கைப் பற்றி எழுதவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். படித்துப் பார்த்தால் மார்கஸ் குருடன் மாதிரி ஓட்டியவனாகத் தெரிந்தான். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். விளக்குகள் என் கோரிக்கையின் பேரில் மாற்றப்பட்டன. கண்ணாடி சூடாகாது என்று எனக்குத் தெரியும். ஈரப் பனியில் சோதித்துப் பார்க்கவில்லை. இதை எழுதி, கையெழுத்துப் போட்டு, வால்ட்டின் மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். தன் பெயரையும் கீழே எழுதி, "சோதிக்கச் சொல்லாதது நான்" என்று ஒரு வரி சேர்த்தார்.

விசாரணை கோடை வரை இழுத்தது.  என் வேலை போகவில்லை, பைலில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். மார்கஸ் மேல் தப்பில்லை என்றார்கள். அவன்தான் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று பார்க்கில் புல் வெட்டப் போய்விட்டான்.

பழனிசாமிக்கு இடுப்பில் ஆபரேஷன். இரண்டு வாரம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதவருகே கவிதா.

"லைட்டை மாத்தச் சொன்னது நீங்கதான்னு ரிப்போர்ட்ல இருக்கு."

"ஆமாம்மா."

"அப்புறம் எந்த மூஞ்சியோட வந்தீங்க, ஆன்ட்டி?"

 உள்ளேயிருந்து அவர், "கவி, நீ போயி ஒரு காபி வாங்கிட்டு வா கண்ணு" என்றார். அவள் போனதும் என்னை உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். அவர் வேறு ஏதோ யோசனையில் இருந்தார். படுத்தபடியே அந்த லாரியை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். நாமக்கல்லில் முப்பது வருடத்துக்கு மேல் லாரி டிரைவராம்.

"ஒரு சந்தேகம் அம்மிணி. அந்த வண்டில கிளீனர் எங்க போயிருந்தாப்ல?"

"இங்க கிளீனர்னு யாரும் கெடையாதுங்க. டிரைவர் மட்டுந்தான்."

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அத்தாச்சோட்டு பெரிய வண்டிய, பின்னால ஆளில்லாமயா எடுக்கறாங்க?"

பிறகு, "கிளீனர் எறங்கிப் பின்னால நின்னு தட்டுனாத்தான் நான் ரிவர்ஸே போடுவனுங்" என்றார். அவ்வளவுதான். கவிதா காபியோடு வந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளைக் கடையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். பேசமாட்டாள்.

அந்தக் கோடையில் பின்விளக்குகளைக் கழற்றி, கண்ணாடிக்குள் சூடாகும் கம்பி வைத்த விளக்குகளைப் பொருத்தினேன். ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, எத்தனை நிமிடத்தில் உருகுகிறது என்று பார்த்தேன். பீப்பரைக் கீழ்நோக்கித் திருப்பி மேலே ஒரு தகரக் கூரை வைத்தேன். கேமராவுக்கு மேல் காற்றைத் திருப்பிவிடும் தட்டு. இவ்வளவும் செய்துவிட்டு வால்ட்டிடம் போய் நாமக்கல் லாரிகளைப் பற்றிச் சொன்னேன். ஈரப் பனி நாளில், முட்டுச்சந்துகளில், ஒருவர் இறங்கிப் பின்னால் நிற்க வேண்டும் என்றேன்.

"ஆள் எங்கே இருக்கிறது?" என்றார்.

"நான் நிற்கிறேன்."

அவர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார்.

அடுத்த ஈரப் பனி டிசம்பரிலேயே வந்தது. அன்று காலை மார்கஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தன் பழைய வண்டியின் பிளேடுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தான். மதியம் அதே முட்டுச்சந்துக்குப் போனோம். முன்னால் தள்ளினான். நான் இறங்கி, லாரியின் இடதுபுறப் பின்மூலையில், அவன் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்றேன். அவன் ஜன்னலை இறக்கிவிட்டான். ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. வெளிச்சம் பனியில் விழுந்தது. வண்டி நகரவில்லை.

அவனுக்குப் பயம். எனக்கு அதைவிட அதிகம். பதினைந்து டன் இரும்பு என்னை நோக்கி வரும்படி நானே சொல்ல வேண்டும். நாலு பக்கமும் திரும்பி, ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி ஒரு தடவை பார்த்தேன். பிறகு உப்புப் பெட்டியின் இரும்பை உள்ளங்கையால் தட்டினேன்.

"வரலாம்... வரலாம்..."

"என்ன சொன்னாய்?" என்று ஜன்னல் வழியே கேட்டான். தமிழில் சொன்னதே எனக்குத் தெரியவில்லை.

"வா என்று அர்த்தம்."

"நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இரு."

தட்டினேன். சொன்னேன். வண்டி ஒரு அடி வந்தது. இன்னொரு அடி. கவிதாவின் வீட்டு மாடி ஜன்னலில் திரை விலகி ஓர் உருவம் நின்றது ஓரக்கண்ணில் பட்டது. அவள்தானா, கையை அசைத்தாளா, திரையை இழுத்து மூடினாளா, தெரியாது. லாரி வந்துகொண்டிருந்தது. அதன் பின்சக்கரத்திலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.